ததியம்பி வரைக்கும்

"இன்னாத்துக்குடி உனக்கு இந்தி?"

"பேசறதுக்கு, நைனா."

"யார் கைல?"

"ஆபீஸ்லதான். வர்ற டிரைவருங்கள்ல பாதி பேரு வடக்கத்தி ஆளுங்க."

"அவங்க தமிழ் கத்துக்கட்டும். சோறு போடற ஊரு பாஷை."

"கத்துக்கினுதான் கீறாங்க, நைனா."

அப்பா அசோகன் சட்டையை மாட்டிக்கொண்டு மார்க்கெட் பக்கம் போய்விட்டார். இரண்டு வருஷத்துக்கு முந்தைய பேச்சு அது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் போதும், ரமாபாய்க்கு அது ஞாபகத்துக்கு வந்துவிடும். யாரிடம் என்ற அர்த்தத்தில் 'யார் கைல?' என்று அப்பா கேட்டாரே, அதற்கு அவளிடம் ஒரு பெயர் இருந்தது. அதை விழுங்கிவிட்டு ஆபீஸ் என்று சொல்லிவிட்டாள்.

பெயர் நிரஞ்சன். நல்லவேளையாக அது எந்த ஊரிலும் வைக்கிற பெயர். "இன்னிக்கு நிரஞ்சன் இன்னா சொன்னாரு தெரியுமா?" என்று அவள் வீட்டில் கதை சொன்னால் அம்மா பூவம்மா சிரிப்பாள். தண்டையார்பேட்டைப் பையன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கயா பக்கத்துப் பையன் என்று ரமாபாய் சொல்லவே இல்லை.

திருவொற்றியூரில் இருக்கிற ஒரு கன்டெய்னர் யார்டில் இரண்டு பேருக்கும் வேலை. அவள் கேட் ஆபீஸில். அவன் சர்வேயர். காலிப் பெட்டிக்குள் போய் நின்றுகொண்டு கதவைச் சாத்தச் சொல்வான். இருட்டில் எங்காவது ஊசிமுனை வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பான். தெரிந்தால் அந்த இடத்தில் ஓட்டை. ஒருநாள் விளையாட்டாக அவளையும் உள்ளே நிற்க வைத்தான். கூரை முழுக்கப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். "தாரே," என்றான் அவன். நட்சத்திரம். அவள் காதில் விழுந்து, பிறகு மறக்கவே மறக்காத முதல் இந்திச் சொல் அதுதான்.

அவன் தமிழ் கற்றுக்கொண்டது லாரி கிளீனர்களிடமும் டீக்கடையிலும். அவளிடம் பேசிய முதல் வாக்கியமே, "இன்னாமே, சோக்கா கீறியா?"

"என்னை 'மே' போட்டுக் கூப்பிட்ட முதல் ஆளு நீதான்."

"தப்பா?"

"தப்பில்ல. எங்க நைனா காதுல வுழுந்தா உனக்குப் பல்லு இருக்காது, அவ்வளவுதான்."

அப்படித்தான் ஆரம்பித்தது. அவனுக்கு ஒழுங்கான தமிழ் வேண்டும். அவளுக்கு இந்தி வேண்டும். டீ நேரத்தில் இரண்டு பேரும் வார்த்தைகளை மாற்றிக்கொண்டார்கள். பேஜார், தோஸ்து, நாஸ்தா, ஜல்தி என்று அவள் பேசுவதைக் கேட்டு, "உனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே!" என்று அவன் கண்ணை விரித்தான். இதெல்லாம் வியாசர்பாடித் தமிழ் என்றுதான் அதுவரை அவள் நினைத்திருந்தாள்.

கஷ்டமும் இருந்தது. இந்தியில் எல்லாப் பொருளும் ஆண் அல்லது பெண். கப்பல் ஆண். கிரேன் பெண்.

"இன்னா அநியாயம் இது?" என்றாள் அவள்.

"அநியாயம் இன்னா? அவ தூக்கி வைக்கிறா, இவன் சொமந்துகினு போறான்."

அவள் சிரித்த சிரிப்பில் டீ கொட்டிப்போனது.

ஆனால் அவளை உண்மையில் அசைத்தது வேறு. அவன் ஒருநாள் தண்ணீர் கேட்டான். "முஜே ப்யாஸ் லகீ ஹை." அவள் அதைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தாள். எனக்கு, தாகம், எடுத்திருக்கிறது. தமிழ் எந்த வரிசையில் சொல்லுமோ அதே வரிசை. "முஜே தமிழ் நஹீ ஆத்தீ" என்றாலும் அப்படியே: எனக்குத் தமிழ் வராது. ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் ஒரு மொழி மனிதனிடம் வருகிறது அல்லது வராமல் இருக்கிறது, தாகம் போல, தூக்கம் போல. இதைக் கண்டுபிடித்த ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மொழியால் மட்டும்தான் அப்படி ஆனது என்று அவளும் சொல்லமாட்டாள்.

அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை?

அசோகனின் அண்ணன் லட்சுமணன் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்குப் போய்விட்டு, தலையில் கட்டோடு வீடு திரும்பினார். அசோகனுக்கு அப்போது ஆறு வயசு. அந்தக் கட்டில் ஊறிய சிவப்பு இன்றைக்கும் அவர் கண்ணில் இருக்கிறது. லட்சுமணன் கடைசியில் மூலக்கொத்தளத்தில்தான் அடக்கமானார். மொழிக்காக உயிர் விட்ட இரண்டு பேருக்கு நினைவிடம் இருக்கிற அதே இடுகாடு. ஒவ்வொரு ஜனவரியிலும் அசோகன் பூ வாங்கிக்கொண்டு போவார். முதலில் அவர்களுக்கு, பிறகு அண்ணனுக்கு. வீட்டு டிவியில் தவறி இந்தி சேனல் வந்தால்கூட எழுந்து போய் அணைத்துவிடுவார். ரிமோட்டைத் தேடக்கூடப் பொறுமை இருக்காது.

இதே அசோகன்தான் வியாசர்பாடியில் நடக்கிற பௌத்தக் கல்யாணங்களுக்கெல்லாம் முன்னால் நிற்பவர். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. புத்தர் படம், அம்பேத்கர் படம், வெள்ளைத் துணி, மெழுகுவர்த்தி. அவர் பாலி மொழியில் ஒரு வரி சொல்ல, மணமக்கள் திருப்பிச் சொல்வார்கள். 'புத்தம் சரணம் கச்சாமி' என்று முதல் சுற்று. இரண்டாம் சுற்றில் 'துதியம்பி' சேரும், இரண்டாம் முறையும் என்று பொருள். மூன்றாம் சுற்றில் 'ததியம்பி'. மூன்றாவது முறை சொன்னது நிலைத்துவிடும் என்பது அவர் கணக்கு.

வீட்டில் அது பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டும் அவர் வராமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தால் பூவம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்: "ததியம்பி சொல்லிட்டேன். அப்பால கொழம்ப மூடி வெச்சிருவேன்!"

ரமாபாய்க்கு ஒரே ஆசை. அவளும் நிரஞ்சனும் அந்த வெள்ளைத் துணிக்கு முன்னால் நிற்கவேண்டும், எதிரே அப்பா நிற்கவேண்டும். கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொள்ள ஆபீஸ் இருக்கிறது, நிரஞ்சன் வீட்டிலும் சம்மதித்துவிட்டார்கள். ஆனால் ஊரில் எல்லாப் பெண்ணுக்கும் சரணம் சொல்லித் தந்த குரல் அவளுக்கு மட்டும் இல்லை என்றால்? கேட்டுவிடலாம் என்று எத்தனையோ முறை அப்பா முன்னால் போய் நின்றிருக்கிறாள். "இன்னாடி?" என்பார் அவர். "ஒண்ணுமில்ல, நைனா," என்று திரும்பிவிடுவாள்.

வண்ணாரப்பேட்டையில் அவளுக்கு மாலை நேர இந்தி வகுப்பு. சொல்லித் தந்த தப்ரேஸுக்கு அவள் வயசுதான் இருக்கும். வீட்டில் உருது பேசுகிற ஆள். "இந்தியும் உருதும் ஒரே வயித்துல பொறந்த பசங்க, வேற வேற எழுத்து உடுத்திக்கினு போயிட்டாங்க," என்பான். டில்லி, மீரட் பக்கத்துப் பேச்சுதான் இந்திக்கு அடி. சந்தையிலும் படை முகாமிலும் புழங்கியது. கவிதை எழுத நினைத்தவர்கள் அந்தக் காலத்தில் அதைச் சீண்டவில்லை, பிரஜ், அவதி என்று வேறு மொழிகளைத் தேடிப் போனார்கள். 'இந்தி' என்ற பேரே பாரசீகக்காரர்கள் வைத்தது, சிந்து நதிக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு என்று. பேரை அடுத்தவரிடம் வாங்கி, வார்த்தையைப் பாதி உலகத்திடம் வாங்கி, தெருவிலேயே வளர்ந்து, இருநூறு வருஷத்துக்குள் செய்தித்தாளும் நாவலும் நீதிமன்றமுமாக எழுந்து நின்ற மொழி. கேட்கக் கேட்க ரமாபாய்க்கு அது தங்கள் வட சென்னைத் தமிழின் கூட்டாளியைப் போலத் தோன்றியது. சினிமாவில் கிண்டல் செய்தாலும் கூச்சப்படாத மொழி.

அப்புறம் அந்த நாள். எண்கள் சொல்லிக்கொண்டிருந்த தப்ரேஸ், பலகையில் பழைய வடிவங்களையும் எழுதினான். ஏழு: சத்த, பிறகு சாத். எட்டு: அட்ட, பிறகு ஆட். கை: ஹத்த, ஹாத். வேலை: கம்ம, காம். "நடுவுல ரெட்டையா இருந்த எழுத்துல ஒண்ணு வுழுந்துச்சு. அது வுழுந்த எடத்த நெரப்ப முன்னாடி இருந்த உயிர் நீண்டுச்சு. ஊரே சேர்ந்து, யாரும் சொல்லாமலே, பல நூறு வருஷமா செஞ்ச வேலை இது."

பேனா ரமாபாயின் கையிலேயே நின்றுவிட்டது. சத்த, அட்ட, கம்ம. இந்தச் சொற்களை அவள் தொட்டிலிலிருந்து கேட்டிருக்கிறாள், அப்பாவின் குரலில். பாலியும் இந்தியும் நேரடித் தாயும் மகளும் இல்லை, ஆனால் ஒரே குடும்பம் என்றான் தப்ரேஸ். எந்த மொழியை அப்பா வாசலிலேயே நிறுத்தினாரோ, அதன் குடும்பத்துப் பெரியவளைத்தான் தினமும் காலையில் மெழுகுவர்த்தி ஏற்றிக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்றைக்கு ஓடி வந்து வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால், 'யார் கைல?' என்ற கேள்வி மறுபடியும் வரும்.

யார்டில் வேலை செய்த சங்கமித்ராவுக்கும் வல்லரசுவுக்கும் கல்யாணம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, வியாசர்பாடி விகாரையை ஒட்டிய ஹால். முன்னால் அசோகன், வெள்ளை ஜிப்பாவில். யார்டு ஆட்களோடு நிரஞ்சனும் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

அசோகன் ஆரம்பித்தார். மணமக்களோடு சேர்ந்து கூட்டமும் முணுமுணுத்தது. அதில் ஒரு குரல் மட்டும் தடுமாறாமல், ஏற்ற இறக்கத்தோடு, ஒரு வரிகூட விடாமல் வந்தது. சரணம் முடிந்து ஐந்து சீல உறுதிமொழிகளுக்குப் போனபோதும் அது நிற்கவில்லை. அசோகன் நிமிர்ந்து பார்த்தார். ரமாபாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

எல்லாம் முடிந்ததும் அவர் நேராக அவனிடம் போனார்.

"தம்பி, தங்கவயலா?"

வியாசர்பாடியில் யாரும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போன தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைக்கு முன்பே பௌத்தம் ஏற்றவர்கள். பாலி சுத்தமாக வருகிற, தமிழை மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி இழுக்கிற பையன் என்றால், அவன் வேறு எங்கிருந்து வந்திருப்பான்?

நிரஞ்சனுக்குக் கேள்வி விளங்கவில்லை. விளங்காததற்கெல்லாம் "ஆமா நைனா" என்று சொல்லிவிடுவது யார்டு கேட்டில் அவன் கற்ற முதல் பாடம்.

"ஆமா நைனா."

"அதானே பாத்தேன்! பாரு பூவு, தங்கவயல் புள்ள. வா நைனா, வூட்டாண்ட வந்து ஒரு டீ குட்சிட்டுப் போ. அட, வா ஸொம்மா!"

தோளில் கையைப் போட்டு இழுத்துக்கொண்டு போய்விட்டார். நிரஞ்சன் திரும்பித் திரும்பி ரமாபாயைப் பார்த்தான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

வீட்டில் டீயும் பொறை ரொட்டியும் வந்தன. சுவரில் புத்தகயா போதி மரத்தின் படம், அதன் கீழே நாற்காலி. அந்த நாற்காலியில் யாரையும் அசோகன் உட்காரவிடமாட்டார். இன்றைக்கு அவனை அதில் உட்கார வைத்தார்.

"நம்ப புள்ளைங்கள்ல எவனுக்கு ஒயுங்கா ரெண்டு வரி வருது? இந்த தம்பிக்கு எப்டி வருது பாத்தியா? நம்ப வேரு தெரிஞ்ச புள்ள. இந்தி, கிந்தின்னு அலையாம..."

"நைனா," என்றாள் ரமாபாய்.

"இன்னாடி?"

ஒண்ணுமில்ல என்று சொல்ல வாய் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அப்பாவின் முகத்தில் இருந்த சந்தோஷம் அவளைக் குத்தியது. வேறு எவனுக்கோ சேரவேண்டிய பிரியத்தை நிரஞ்சன் மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அப்படிக் கிடைக்கிற சம்மதம் அவளுக்கு வேண்டாம்.

"இவரு தங்கவயல் இல்ல. இவருதான் நிரஞ்சன். எங்க யார்டு."

"தண்டார்பேட்டப் புள்ளையா?" என்றாள் பூவம்மா.

"இல்லம்மா. பீகாரு. கயா பக்கத்துல."

அசோகன் டம்ளரைக் கீழே வைத்தார். கீழ் வீட்டில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"ஆமான்னு சொன்னியே?" என்றார் அவனிடம்.

"புரியல நைனா. புரியலன்னா ஆமா சொல்லிருவேன். மன்னிச்சிக்கோ... மன்னிச்சிக்கங்க."

பூவம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு திரும்பிக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது.

"சரணம் எப்டித் தெரியும்?"

"எங்கப்பா டீக்கடை புத்தர் கோயில் கேட்டாண்ட. சின்ன வயசுலேர்ந்து காதுல வுழுந்துகினே இருக்கும். சிலோன்காரங்க ஒரு மாதிரி சொல்வாங்க, பர்மாக்காரங்க ஒரு மாதிரி. நீங்க சொன்னது இன்னொரு மாதிரி. அதுவும் நல்லா இருந்துச்சி."

அசோகனின் கண்கள் அவன் தலைக்கு மேல் இருந்த படத்துக்குப் போயின. "இந்த மரம்...?"

"கடைலேர்ந்து பாத்தா தெரியும். சாயங்காலம் நெறைய கிளி வரும்."

விகாரையிலிருந்து இரண்டு தடவை கயாவுக்கு யாத்திரை போனார்கள். இரண்டு தடவையும் அசோகன் பேர் கொடுத்துவிட்டுப் பின்வாங்கினார். 'அங்க போய் தண்ணி கேக்கணும்னாகூட அவன் பாஷைல கேக்கணும்' என்று பூவம்மாவிடம் காரணம் சொன்னார். அந்த மரத்தடியிலிருந்து ஒருவன் எழுந்து வந்து, அவர் வீட்டில் பொறையை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

"அப்ப உன் தாய்மொழி இந்தி," என்றார் அசோகன். குரல் இறுகிவிட்டது.

"இல்ல நைனா. வூட்ல பேசறது மகஹி. இந்தி இஸ்கூல்ல வந்துச்சி. எங்கம்மாவுக்கு இந்தி அவ்ளோ வராது. டவுனுக்குப் போனா வாய மூடிக்கினு நிப்பாங்க."

"இன்னாது? பீகார்ல ஒரு அம்மாவுக்கு இந்தி வராதா?"

"எங்க தெருவுல பாதி பேருக்கு."

"உங்கம்மா பாஷைல இஸ்கூலு?"

"கெடையாது."

"கோவம் வரலியா உனக்கு?"

நிரஞ்சன் யோசித்தான். இதற்கு ஆமா நைனா போதாது என்று அவனுக்குத் தெரிந்தது. "எங்கம்மா வாய மூடிக்கினு நிக்கறப்ப வரும். ஆனா இந்தி மேல எனக்கு ஆசையும் கீது. யார்டுல ஒடிசா வெல்டரு, அசாம் வாட்ச்மேன், நேபாளத்துப் பையன் எல்லாரும் அதுலதான் பேசிக்கறோம். அது எல்லார் வூட்லேர்ந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து வெச்சிக்கும். வூட்ட வுட்டு வந்தவனுக்கு வாய்ல ஒரு வூடு மாதிரி."

"நாங்க மொழிய வேணாங்கல தம்பி," என்றார் அசோகன் மெதுவாக. "கதவத் தட்டிக்கினு வந்தா டீ குடுப்போம். ஒடச்சிகினு வந்ததாலதான் எங்கண்ணன் தலைல கட்டு."

"தெரியும், நைனா. ரமா சொல்லிச்சி. போன ஜனவரில மூலக்கொத்தளம் இட்னு போய் காமிச்சிச்சி. நானும் பூ வெச்சேன்."

அசோகன் மகளைப் பார்த்தார். போன ஜனவரியில் அண்ணன் சமாதியில் தனக்கு முன்பே யாரோ சாமந்தி வைத்திருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. யார் வைத்தது என்று அன்று முழுக்க யோசித்திருந்தார்.

ரமாபாய் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். அவர் வலது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நைனா, உன் பாலில கைக்கு இன்னா?"

"ஹத்த."

"இந்தில ஹாத். ஏழுக்கு?"

"சத்த."

"சாத். நீ எட்டு வழிப் பாதைன்னு அட்ட, அட்டன்னு சொல்லுவியே. அங்க ஆட். ஒரு எழுத்து வுழுந்துச்சாம் நைனா. வுழுந்த எடத்துல மூச்சு நீண்டுச்சாம். அவ்ளோதான் வித்தியாசம். இத்த மொத மொத கேட்டப்ப உன் கொரல்தான் எனக்குக் கேட்டுச்சி. ஓடியாந்து உன் கைல சொல்லணும்னு இருந்துச்சி."

அசோகன் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். "ஹத்த... ஹாத்." இன்னொரு முறை. "சத்த... சாத்." ஒர்க்‌ஷாப்பில் இரண்டு பாகங்களைப் பொருத்திப் பார்ப்பாரே, அந்த முகம். பொருந்திவிட்டது என்று ஒத்துக்கொள்ளவும் மனசில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை.

"சொல்ல வேண்டிதுதானே? ஏன் சொல்லல?"

"அன்னிக்கு நீ கேட்டியே, யார் கைல பேசறதுக்குன்னு." அவள் நிரஞ்சனைப் பார்த்தாள். "இவர் கைல, நைனா."

பூவம்மா தட்டில் மிச்சமிருந்த பொறையை ஏனோ எண்ணி எண்ணி அடுக்க ஆரம்பித்தாள்.

"நைனா... எங்க கல்யாணத்துக்கு..." ரமாபாய் அவர் கையைப் பார்த்துக்கொண்டே பாதியில் நிறுத்தினாள்.

அசோகன் போதி மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை மட்டும் அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை.

"காதுல வுழல," என்றார்.

"உனக்கு எப்பதான் மொத தடவைல வுழுந்துகீது?" என்றாள் பூவம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டே மகளிடம் திரும்பினாள். "துதியம்பி சொல்லுடி."

"எங்க கல்யாணத்துக்கு நீ... எதிர்ல நின்னு..." நிரஞ்சன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

அசோகன் தொண்டையைச் செருமிக்கொண்டார். மணமக்கள் வரியை மறந்து விழிக்கும்போது மேடையில் அவர் எடுத்துக் கொடுப்பாரே, அதே நிதானக் குரல் வந்தது.

"ததியம்பி."

ரமாபாய் மூச்சை நன்றாக இழுத்துவிட்டாள்.

"எங்க ரெண்டு பேரு கல்யாணத்துக்கும் நீதான் எதிர்ல நின்னு சரணம் சொல்லிக் குடுக்கணும், நைனா."